அங்குலத்துக்கு எட்டடி எப்படி 1:100 ஆகிறது? வியூபோர்ட் ஸ்கேலில் வரும் மட்டந்தட்டல் பிழைகள்

படத்தின் அடியில் "அளவிடை: அங்குலத்துக்கு 8 அடி" என்று எழுதியிருக்கிறது. முன்பக்கச் சுவரின் பரிமாணக் கோட்டில் 60 அடி என்று இருக்கிறது. ஸ்கேல் ரூலை, அதாவது அளவிடைப்படி அடி குறித்த அடிமட்டத்தை, எடுத்து அதே சுவரின் மேல் வைத்துப் பார்த்தால் 57 அடி 7 அங்குலம்தான் வருகிறது. வரைந்த கோடு சரி, எழுதிய இலக்கமும் சரி, தாளில் வந்த நீளம் மட்டும் பிழை. கணினியில் வீட்டுப் படம் வரையும் ஓட்டோகாட் மென்பொருளைப் பழகத் தொடங்கிய பிள்ளைகளை இது நன்றாகக் குழப்பிவிடும். பலர் மொடலில் வரைந்த சுவரையே மறுபடி அளந்து பார்த்து நேரத்தை வீணாக்குகிறார்கள். அங்கே தேடினால் ஒன்றும் கிடைக்காது. பிழை இருப்பது லேஅவுட் என்ற அச்சுத் தாளில், அதில் வீட்டைக் காட்டும் வியூபோர்ட் என்ற யன்னலின் ஸ்கேலில்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இந்தச் சிக்கல் அடிக்கடி வருவதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே ஒரே வேலைக்குள் இரண்டு அளவு முறையும் கலந்து ஓடுகிறது. காணியைப் பேர்ச்சில் சொல்கிறோம். வீட்டை அடி, அங்குலத்தில் கட்டுகிறோம். புதிய நில அளவைப் படம் மீற்றரிலும் ஹெக்டேயரிலும் வருகிறது, பழைய உறுதியோடு இருக்கும் படமோ சங்கிலிக் கணக்கில் இருக்கிறது. தாள் ஏ3, ஏ4, அதாவது மில்லிமீற்றர். இத்தனையும் ஒரு வியூபோர்ட்டுக்குள் சந்திக்கும்போது அங்கே தேவைப்படும் எண் பெரும்பாலும் நீளமான, முடிவில்லாத தசமமாக இருக்கும். அந்தத் தசமத்தை எங்கே வெட்டுகிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலில் அடிப்படை. ஓட்டோகாட்டில் வீட்டை மொடல் ஸ்பேஸில் உண்மையான அளவிலேயே வரைகிறோம். 60 அடிச் சுவர் அங்கே 60 அடிதான். லேஅவுட் என்பது நாம் அச்சிடப்போகும் தாள். அந்தத் தாளில் மொடலைப் பார்க்க வெட்டிய யன்னல்தான் வியூபோர்ட். யன்னல் வழியாக வீடு எவ்வளவு சிறிதாகத் தெரியவேண்டும் என்பதைச் சொல்வது வியூபோர்ட் ஸ்கேல். தாளில் ஓர் அலகு, மொடலில் எத்தனை அலகைக் காட்டுகிறது என்ற விகிதம் அது. தாளும் மொடலும் ஒரே அலகில் இருந்தால் 1:100 என்பது 1ஐ 100ஆல் பிரித்த 0.01. அங்குலத்துக்கு எட்டடி என்றால் எட்டடி 96 அங்குலம், ஆகவே 1:96. அதைத் தசமமாக்கினால் 0.01041666... என்று ஆறு ஆறாக ஓடிக்கொண்டே இருக்கும்.

இப்போது அந்த எண்ணை மூன்று தசமதானத்துக்கு மட்டந்தட்டிப் பாருங்கள். 0.010 வரும். 1:100இன் எண்ணும் அதே 0.010தான். வித்தியாசமான இரண்டு ஸ்கேலும் மட்டந்தட்டியதும் ஒரே எண்ணாகிவிட்டன. மேலே சொன்ன 60 அடிச் சுவருக்கு நடந்தது இதுதான். 1:96இல் அது தாளில் 7.5 அங்குலம், அதாவது 190.5 மில்லிமீற்றர் இருக்கவேண்டும். 0.01 என்று கொடுத்ததால் 7.2 அங்குலமாக வந்துவிட்டது. எட்டடி ஸ்கேலில் 7.2 அங்குலம் என்றால் 57.6 அடி, அதுதான் ரூலில் தெரிந்த 57 அடி 7 அங்குலம்.

பரிமாண எழுத்து ஏன் 60 என்றே நின்றது என்ற கேள்வி வரும். பரிமாணத்தை மொடலில் போட்டால், அது மொடலில் உள்ள நீளத்தை அளந்து எழுதுகிறது. வியூபோர்ட் எவ்வளவு சுருக்கினாலும் அதற்குக் கவலையில்லை. இதனால்தான் இந்தப் பிழை நெடுநாள் மறைந்து கிடக்கிறது. பரிமாணம் எழுதாத ஓர் இடத்தை, உதாரணமாக மதிலுக்கும் மலக்குழிக்கும் இடைப்பட்ட தூரத்தை, மேசன் ரூல் வைத்து அளக்கும் நாளில்தான் அது வெளியே வரும். "தம்பி, பிளான்ல அளந்தா ஒண்டு வருது, எழுதினது வேற ஒண்டு, எதைப் பார்த்துக் கட்டுற?" என்று தொலைபேசியில் கேட்பார். எழுதியதைப் பாருங்கள் என்பதுதான் சரியான பதில். ஆனால் அந்த இடத்தில் எழுதியதே இல்லையே. மதிலோடு மதில் ஒட்டி வீடு கட்டும் காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற நெருக்கமான ஊர்களில் இரண்டடி தவறினால் அயலவரோடு பேச்சு நின்றுவிடும்.

சில ஸ்கேலில் மட்டும் ஏன் இந்தத் தொல்லை?

1:50, 1:100, 1:200, 1:500, 1:1000 எல்லாம் தொல்லை தருவதில்லை. 0.02, 0.01, 0.005, 0.002, 0.001 என்று சுத்தமாக முடிகின்றன. 1:96, 1:48, 1:75, 1:150 முடிவதில்லை. காரணம் பாடசாலைக் கணிதம்தான். கீழே உள்ள எண்ணின் முதன்மைக் காரணிகள் 2உம் 5உம் மட்டுமாக இருந்தால் பின்னம் முடிவுறு தசமமாகும். வேறெந்த முதன்மை எண் கலந்தாலும் மீளும் தசமம்தான். 100க்குள் 2, 5 மட்டுமே உண்டு. 96 என்பது 32ஐ 3ஆல் பெருக்கியது. அந்த 3 வருவது அடிக்கு 12 அங்குலம் என்ற கணக்கிலிருந்து. அங்குலத்துக்கு இத்தனை அடி என்று முழு எண்ணில் சொல்லும் ஸ்கேல் எதை எடுத்தாலும் இந்த 3 கூடவே வரும்.

சங்கிலிக் கணக்கு இன்னும் மோசம். ஒரு சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க். அங்குலத்துக்கு ஒரு சங்கிலி என்று வரைந்த பழைய படத்தின் விகிதம் 1:792. இரண்டு சங்கிலி என்றால் 1:1584. 792ஐப் பிரித்தால் 3 இரண்டு முறை வரும், அதற்கு மேல் 66 தரும் ஒரு 11உம் இருக்கும். ஆகவே 1/792 என்பது 0.00126262626... என்று முடிவில்லாமல் போகும்.

இந்த எண்ணை நான்கு தசமதானத்தில் பார்த்தால் 0.0013. அதை அப்படியே எடுத்து இன்னொரு வியூபோர்ட்டில் அடித்தால் கிடைப்பது 1:769. நீளத்தில் கிட்டத்தட்ட 3 வீதம் கூடுகிறது. நீளத்தில் 3 என்றால் பரப்பில் 6. பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் வேலை இங்கே நிறைய நடக்கிறது, எல்லைப் பிணக்கு வந்தால் முதலில் அதைத்தான் செய்வார்கள். ஒரு சதுரச் சங்கிலி 16 பேர்ச். 20 பேர்ச் காணி 1:792இல் தாளில் 1.25 சதுர அங்குலம் பிடிக்கவேண்டும். 0.0013 என்று கொடுத்த தாளில் அது சுமார் 1.325 சதுர அங்குலம் பிடிக்கும். ரூல் வைத்துப் பரப்புப் பார்ப்பவருக்கு 21.2 பேர்ச் கிடைக்கும். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி என்பதால் இல்லாத 327 சதுர அடி நிலம் தாளில் முளைத்துவிட்டது. ஓர் அறையும் விறாந்தையும் கட்டப் போதுமான இடம் அது. உள்ளே வரைந்த எல்லைக் கோடுகள் எல்லாம் சரியாகவே இருக்க, தாளைப் பார்ப்பவர்கள் சண்டை பிடிக்க வேண்டிவருகிறது.

பெட்டியில் தெரிவதும் உள்ளே இருப்பதும்

புதிதாகப் பழகுபவர் பிரித்து அறியவேண்டிய முக்கியமான விஷயம் இது. புரொப்பர்ட்டீஸ் பட்டியலில் கஸ்டம் ஸ்கேல் என்ற பெட்டியில் 0.0013 என்று தெரிந்தால் உள்ளே இருப்பதும் 0.0013 என்று எண்ணிவிடக்கூடாது. அந்தப் பெட்டி காட்டும் தசமதானம், படத்தின் யூனிட்ஸ் கட்டளையில் நீள அளவுக்கு நீங்கள் வைத்திருக்கும் பிரிசிஷனைப் பொறுத்தது. அங்கே இரண்டு தானம் வைத்திருந்தால் 1:500இன் 0.002 கூட 0.00 என்று தெரியும். "ஸ்கேல் பூச்சியமாகிவிட்டது" என்று பதறுவார்கள். ஒன்றும் ஆகவில்லை, காட்டுவதற்குத்தான் இடம் போதவில்லை. பிரிசிஷனை எட்டுத் தானமாக்கினால் 0.00200000 என்று தெரியும். 1:792 சரியாக இருந்தால் 0.00126263 என்று தெரியும். எட்டுதான் அங்கே வைக்கக்கூடிய உச்சம். இப்படி மாற்றுவதால் பரிமாண எழுத்துகள் நீண்டுவிடுமோ என்று அஞ்சத் தேவையில்லை, அவற்றின் தசமதானம் பரிமாணப் பாணியில் தனியாக இருக்கிறது.

ஆகவே மட்டந்தட்டல் இரண்டு வகை. கண்ணுக்குக் காட்டும்போது மட்டந்தட்டுவது ஒன்று, அதனால் அச்சில் எந்தக் கெடுதியும் இல்லை. காட்டிய அந்தக் குட்டை எண்ணை நாம் எடுத்து இன்னோர் இடத்தில் அடிப்பது மற்றது, அங்கேதான் படம் கெடுகிறது. பழைய படம் ஒன்றைத் திறந்து, அதன் வியூபோர்ட்டில் தெரியும் எண்ணைத் தாளில் குறித்து, புதிய படத்தில் அடிக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதை இன்றே விட்டுவிடுங்கள்.

கணினி தன் பாட்டில் மட்டந்தட்டாதா என்றும் கேட்பார்கள். தட்டும். இரும எண்ணில் 0.01ஐக் கூட மிகச் சரியாக எழுத முடியாது. ஆனால் உள்ளே 15, 16 இலக்கம் வரை சரியாக வைத்திருக்கிறது. அதற்கப்பால் வரும் பிழையை எந்த அச்சுப்பொறியும் தாளில் காட்டப்போவதில்லை. சந்தேகம் வரும்போது மென்பொருளைக் குற்றம் சொல்லுமுன் யார் என்ன எண்ணை அடித்தார்கள் என்று தேடுவதுதான் பலன் தரும்.

இன்னொரு விஷயம், தெரிந்தால் பல குழப்பம் தீரும். வியூபோர்ட் தன் ஸ்கேலைத் தனி எண்ணாகச் சேமித்து வைப்பதில்லை. தாளில் அந்தச் சட்டத்தின் உயரம் ஓர் எண், அதன் வழியே மொடலில் தெரியும் பகுதியின் உயரம் இன்னோர் எண். முதலாவதை இரண்டாவதால் பிரித்து வருவதுதான் நமக்கு ஸ்கேலாகக் காட்டப்படுகிறது. சட்டம் 200 உயரம், உள்ளே தெரிவது 19,200 உயரம் என்றால் 200/19200, அதாவது 1/96. வியூபோர்ட்டுக்குள் இரண்டு முறை கிளிக் செய்து நுழைந்து, தெரியாமல் மவுஸ் சில்லை ஒரு சொட்டு உருட்டினால் இரண்டாவது எண் மாறிவிடும். கூடவே ஸ்கேலும் மாறும். மிகச் சிறிதாக மாறினால் பெட்டியில் பழைய எண்ணே தெரியக்கூடும், ஆனால் ஸ்டாண்டர்ட் ஸ்கேல் என்ற இடத்தில் 1:100 என்பதற்குப் பதிலாகக் கஸ்டம் என்று வந்திருக்கும். 0.01 என்று தெரிந்தும் கஸ்டம் என்று சொல்கிறதே என்று குழம்பினால், அது உண்மையில் 0.010003 மாதிரி ஏதாவது இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலிலிருந்து 1:100ஐ மீண்டும் ஒரு முறை தெரிவு செய்தால் சரி.

அப்புறம் உடனே பூட்டிவிட வேண்டும். வியூபோர்ட்டைத் தெரிவு செய்து டிஸ்பிளே லொக் என்பதை யெஸ் ஆக்கினால், அதன்பின் உள்ளே நுழைந்து சில்லை உருட்டினாலும் தாள் முழுவதும்தான் பெரிதாகும், ஸ்கேல் அசையாது. கீழ்ப்பட்டியிலும் ஒரு பூட்டுப் படம் இருக்கிறது. எந்த அலுவலகத்திலும் நான் முதலில் பார்ப்பது இந்தப் பூட்டைத்தான். பூட்டாத வியூபோர்ட்டை வைத்துக்கொண்டு ஸ்கேல் சரியா என்று பேசுவதில் பயனில்லை, அடுத்த நிமிடம் மாறிவிடும்.

விகிதமாகவே கொடுங்கள்

சரி, எண்ணை எப்படிக் கொடுப்பது? தசமமாகக் கொடுக்காமல் பின்னமாகக் கொடுத்தால் வெட்டும் வேலையே இல்லை. வியூபோர்ட்டுக்குள் நுழைந்து ஸூம் கட்டளையை அடித்து, 1/96 என்று எழுதி அதோடு ஒட்டி எக்ஸ், பி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை அடித்து என்டர் கொடுங்கள். அந்த இரண்டு எழுத்துக்கும் அர்த்தம், தாளை ஒப்பிட்டு இத்தனை மடங்கு என்பது. பிரிக்கும் வேலையை ஓட்டோகாட் தானே செய்துகொள்ளும், தன்னால் முடிந்த இலக்கம் வரை வைத்துக்கொள்ளும். 1/792 என்றாலும் இதே வழிதான்.

அடிக்கடி பாவிக்கும் ஸ்கேலைப் பட்டியலில் சேர்த்துவிடுவது அதைவிட நல்லது. வரும்போதே இருக்கும் மெட்ரிக் பட்டியல் 1:100உடன் நின்றுவிடும். 1:200, 1:250, 1:500 எல்லாம் அதில் இருக்காது, நாமே சேர்க்கவேண்டும். ஸ்கேல் லிஸ்ட் எடிட் என்ற மூன்று சொல்லையும் இடைவெளியில்லாமல் அடித்தால் ஒரு பெட்டி திறக்கும். அதில் ஆட் என்பதை அழுத்தினால் தாளின் அலகு எத்தனை, வரைபடத்தின் அலகு எத்தனை என்று இரண்டு இடம் தனித்தனியாகக் கேட்கும். இந்தப் பெட்டியை எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் விகிதத்தை விகிதமாகவே கேட்கிறது. ஒன்றும் தொண்ணூற்றாறும் என்று இரண்டு எண்ணைக் கொடுத்து, "அங்குலத்துக்கு 8 அடி" என்று உங்களுக்கு விளங்கும் பெயரை வைத்துவிடலாம்.

ஒரு வியூபோர்ட்டின் ஸ்கேலை இன்னொன்றுக்கு எடுக்க வேண்டுமானாலும் எண்ணைத் தொடவேண்டாம். மாட்ச் புரொப் என்ற தூரிகைக் கட்டளை கோட்டின் நிறத்தை மட்டுமல்ல, வியூபோர்ட்டின் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு போகும். அதன் செட்டிங்ஸில் வியூபோர்ட் என்பது தெரிவாகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அலகு கலக்கும்போது

மேலே சொன்ன கணக்கெல்லாம் தாளும் மொடலும் ஒரே அலகில் இருக்கும்போது. நம் பக்கத்தில் அப்படி இருப்பது குறைவு. நில அளவையாளர் தரும் கோப்பு மீற்றரில் வருகிறது, அதில் ஓர் அலகு ஒரு மீற்றர். தாளில் ஓர் அலகு ஒரு மில்லிமீற்றர். அப்போது 1:500க்கு 0.002 கொடுத்தால் காணி முழுவதும் ஒரு புள்ளியாகத் தெரியும். ஒரு மீற்றரில் 1000 மில்லிமீற்றர் இருப்பதால் 1000/500, அதாவது 2 கொடுக்கவேண்டும். 1:1000க்கு 1. 1:100க்கு 10. இவை சுத்தமான எண்கள்.

மொடலை அங்குலத்தில் வரைந்து, தாளை ஏ3 மில்லிமீற்றரில் வைத்தால்தான் சிக்கல் பெரிதாகும். ஓர் அங்குலம் சரியாக 25.4 மில்லிமீற்றர். எட்டடி ஸ்கேலுக்குக் கொடுக்கவேண்டியது 25.4/96, அதாவது 0.26458333... பட்டியலில் உள்ள எட்டடி ஸ்கேலை அப்படியே தெரிவு செய்தால் வீடு 25 மடங்கு சிறிதாகிவிடும், ஏனென்றால் அந்தப் பட்டியல் தாளையும் அங்குலம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. அதைக் கண்டதும் பிள்ளைகள் கையால் 0.26 என்று அடித்துப் பார்ப்பார்கள், தாளில் வீடு ஏறக்குறைய சரியாக உட்கார்ந்துவிடும். உட்கார்ந்ததால் சரி என்று விட்டுவிடுவார்கள். 0.26 என்பது 1:97.7. அறுபதடிச் சுவரில் ஓர் அடிக்கு மேல் குறைந்துபோகும். கண்ணுக்குச் சரியாகப் படும் பிழை இது, ஆகவே மிகவும் கெட்டது. ஸ்கேல் பட்டியலில் தாளுக்கு 25.4, வரைபடத்துக்கு 96 என்று கொடுத்து ஒரு பெயரில் சேமித்தால் இந்த வேலை ஒரு முறையோடு முடிந்துவிடும். மொடல் தசம அடியில் இருந்தால் தாளுக்கு 304.8, வரைபடத்துக்கு 96. சங்கிலிப் படத்தை மீற்றரில் வரைந்திருந்தால் 1000உம் 792உம்.

சங்கிலியை மீற்றராக்கும் இடத்திலும் இதே கவனம் வேண்டும். ஒரு சங்கிலி 20.1168 மீற்றர், ஒரு லிங்க் 0.201168 மீற்றர். லிங்கை 0.2 மீற்றர் என்று சுருக்கினால் அரை வீதத்துக்கு மேல் போய்விடும். அந்தப் பிழை மொடலுக்குள்ளேயே புகுந்துவிடுவதால், பிறகு வியூபோர்ட்டில் என்ன செய்தாலும் திருத்த முடியாது.

மற்றவரிடமிருந்து வந்த கோப்பில் அலகு எது என்று தெரியாவிட்டால், தெரிந்த ஒன்றை அளந்து பாருங்கள். வாசற் கதவின் அகலம் போதும். 36 என்று வந்தால் அங்குலம், 3 என்று வந்தால் அடி, 900 அளவில் வந்தால் மில்லிமீற்றர், 0.9 என்றால் மீற்றர். நில அளவைக் கோப்பில் கதவு இருக்காது, அங்கே ஆள்கூற்றைப் பாருங்கள். இலங்கையின் இப்போதைய தேசிய ஆள்கூற்று முறையில், பிதுருதலாகலைக்கு அருகே உள்ள தொடக்கப் புள்ளிக்குக் கிழக்கும் வடக்கும் தலா 500,000 மீற்றர் என்று வைத்திருக்கிறார்கள். மட்டக்களப்பு அதற்குக் கிழக்கே சுமார் நூறு கிலோமீற்றர் என்பதால், அந்த ஊர்க் காணிகளின் கிழக்கு எண் ஆறு இலட்சத்தை ஒட்டியும் வடக்கு எண் ஐந்தரை இலட்சத்துக்கு மேலும் இருக்கும். அப்படி ஆறிலக்க எண் தெரிந்தால் கோப்பு மீற்றரில் இருக்கிறது.

எழுத்து காணாமற்போனால்

சுருக்கமாக ஒன்று. வியூபோர்ட் ஸ்கேலைக் கையால் மாற்றியபின் சில பரிமாணங்களும் எழுத்துகளும் மறைந்துவிட்டால், அவை அனொட்டேட்டிவ் எழுத்துகளாக, அதாவது வியூபோர்ட் ஸ்கேலுக்கு ஏற்பத் தம் அளவை மாற்றிக்கொள்ளும் எழுத்துகளாக இருக்கும். வியூபோர்ட்டுக்கு ஒரு ஸ்கேலும் எழுத்துக்கு வேறொரு ஸ்கேலும் ஆகிவிட்டதால் அவை ஒளிந்துகொள்கின்றன. பட்டியலிலிருந்து பெயருள்ள ஸ்கேலைத் தெரிவு செய்தால் இரண்டும் சேர்ந்தே மாறும். இதுவும் கையால் எண் அடிக்காமல் இருப்பதற்கு ஒரு காரணம்.

கடைசியில் அச்சுப்பொறி

வியூபோர்ட் எல்லாம் சரியாக இருந்தும் தாளில் பிழை வந்தால் இருக்கும் இடம் இதுதான். லேஅவுட்டை அச்சிடும்போது ஸ்கேல் 1:1 ஆக இருக்கவேண்டும். பிளொட் பெட்டியில் ஃபிட் டு பேப்பர் என்ற சிறிய சதுரத்தில் அடையாளம் இருந்தால் எல்லாம் போச்சு, தாளுக்குள் கொள்ள வைப்பதற்காக அது தன் விருப்பத்துக்குச் சுருக்கும். பிடிஎஃப் ஆக்கி, பென் டிரைவில் போட்டு, டவுனில் உள்ள அச்சுக்கடையில் கொடுத்தால் அங்கே இன்னொரு முறை ஃபிட் நடக்கும். கடைக்காரர் நல்லெண்ணத்தில்தான் செய்வார், ஓரம் வெட்டுப்படக்கூடாது என்று. "அண்ணன், அக்சுவல் சைஸ்ல எடுங்க, நூறு வீதம்" என்று வாய் திறந்து சொல்லவேண்டும். ஏ3 படத்தை ஏ4இல் எடுத்தால் ஸ்கேல் ரூலுக்கு வேலையே இல்லை. அந்தத் தாளில் விகிதத்தை எழுதி வைப்பதும் தவறு.

இதைப் பிடிப்பதற்கு ஓர் எளிய ஏற்பாடு செய்யலாம். லேஅவுட்டிலேயே, வியூபோர்ட்டுக்கு வெளியே, தலைப்புக் கட்டத்துக்குப் பக்கத்தில் சரியாக 100 மில்லிமீற்றர் நீளத்துக்கு ஒரு கோடு வரைந்து அதன்மேல் 100 மி.மீ. என்று எழுதிவிடுங்கள். அச்சானதும் சாதாரண அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள். 97 வந்தால் அச்சுப்பொறி சுருக்கியிருக்கிறது, வியூபோர்ட்டில் தேடவேண்டாம். 100 வந்து சுவர் மட்டும் பிழைத்தால் வியூபோர்ட்டில்தான் பிழை. வியூபோர்ட்டை அச்சிடாமலே சோதிக்கவும் வழி உண்டு. லேஅவுட்டில் நின்றபடி, யன்னலுக்குள் போகாமல், சுவரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஒரு கோடு இழுத்து அதன் நீளத்தைப் புரொப்பர்ட்டீஸில் பாருங்கள். தாள் மில்லிமீற்றரில் இருந்தால் 60 அடிச் சுவருக்கு 190.5 வரவேண்டும். 182.88 வந்தால் யாரோ 1:100 கொடுத்திருக்கிறார்கள். பார்த்து முடிந்ததும் அந்தக் கோட்டை மறக்காமல் அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் சுவரின் மேல் அச்சாகும்.

படத்தோடு ஒரு கோட்டு அளவிடையும் போட்டுவிடுவது எனக்கு விருப்பமான பழக்கம். 0, 10, 20, 30 அடி என்று பிரித்து, மொடலுக்குள் உண்மை நீளத்தில் வரைந்து, வியூபோர்ட் வழியே தெரியவிடுங்கள். பிரதேச சபைக்குப் போன பிரதியும், மேசன் கையில் மழையில் நனைந்த போட்டோக் கொப்பியும், வட்ஸ்அப்பில் போன படமும் வெவ்வேறு அளவில் சுருங்கியிருந்தாலும், கோட்டு அளவிடையும் சுவரோடு சேர்ந்தே சுருங்கும். கவராயத்தால் அதைப் பிடித்துச் சுவரில் வைத்து எண்ணினால் நீளம் கிடைக்கும். வேலை செய்யும் இடத்தில் உண்மையில் எந்தப் பிரதி கைக்கு வரப்போகிறது என்று வரைபவருக்குத் தெரியாது, ஆகவே இந்தக் கோடு இல்லாமல் ஒரு தாளையும் வெளியே அனுப்பாதீர்கள்.